சிம்மைக் கழற்றிக் கொடுத்துவிட்டு விமானம் ஏறாதீர்கள்

போன மாதம் அக்கா மகனை வழியனுப்பத் திருச்சி விமான நிலையம் போயிருந்தேன். சிங்கப்பூருக்கு முதல் பயணம். உள்ளே போகும் முன் போனிலிருந்து சிம்மைக் கழற்றி என் கையில் வைத்தான். “மாமா, இத அம்மாட்ட குடுத்துடுங்க. அங்க போனா வேற சிம்தானே?” பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் நானும் இதே வாசலில் இதையேதான் செய்தேன். திட்டித் திரும்பப் போட வைத்தேன்.

ஊர் வங்கிக் கணக்கை வைத்துக்கொண்டு வெளிநாட்டு வேலைக்குப் போகிறவர்கள் கவனிக்க வேண்டியதைச் சொல்கிறேன். ஏடிஎம் பின் நம்பரை அட்டை உறையில் எழுதாதே, எல்லா அட்டையையும் ஒரே பர்ஸில் வைக்காதே என்பதெல்லாம் யாருக்கும் தெரிந்ததுதான். அதை விடுவோம்.

சிம்மை வீட்டில் விடுவது

என் சிம் நீடாமங்கலத்தில் அம்மாவின் பட்டன் போனில் இருந்தது. வேலை முடிந்து விடுதியில் இரவு ஒன்பது மணிக்கு நெட்பேங்கிங் திறந்தால் ஊரில் மணி ஆறரை. அம்மா மாட்டுக்குத் தண்ணி காட்டிக்கொண்டிருக்கும். ஓடிவந்து, கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு, “நாலு... ஏழு... இது ஒண்ணா ஏழாடா தம்பி?” என்பதற்குள் ஓடிபி காலாவதியாகிவிடும்.

இதைவிடப் பெரிய கேடு ஒன்று உண்டு. போனில் கேட்டால் ஓடிபி சொல்லலாம் என்று அம்மாவைப் பழக்கியதே நான்தான். ‘பேங்கிலேர்ந்து பேசறேன்’ என்று எவனாவது கூப்பிட்டிருந்தால் அவனுக்கும் வாசித்துக் காட்டியிருக்கும்.

அப்புறம் குறுவை நடவு வந்தது. ரீசார்ஜை யாரும் நினைக்கவில்லை, எண் செத்துப்போனது. வங்கிக் கிளையில் கேட்டால் கணக்கில் பதிந்த எண்ணை மாற்ற நேரில் வந்து கையெழுத்துப் போடணும் என்றார்கள். நகைக்கடன் கெடு நெருங்குகிறது, பணம் கணக்கில் கிடக்கிறது, எடுக்கத்தான் வழியில்லை. சம்பளமில்லாத விடுப்பு, சொந்தக் காசில் டிக்கெட். அவ்வளவு தூரம் வந்து ஒரு படிவத்தில் பத்து இலக்கம் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பத்து நிமிட வேலை. இன்றைக்கு நினைத்தாலும் வயிறு எரிகிறது. இதில் ‘ஊர் சிம் வேஸ்ட்’ என்று பையன்களுக்குச் சொல்லி அனுப்பும் ஏஜெண்டுகள் வேறு.

இப்போது வரும் போன்களில் பெரும்பாலும் இரண்டு சிம் போடலாம். ஊர் எண் ஒன்றில் இருக்கட்டும். இங்கிருக்கும்போதே இன்டர்நேஷனல் ரோமிங்கை இயக்கிவிட்டு, டேட்டா ரோமிங்கை மட்டும் அணைத்து வையுங்கள். வருகிற எஸ்எம்எஸ்ஸுக்குப் பொதுவாகக் காசு பிடிப்பதில்லை. ஆனால் வேலிடிட்டி முடியும் தேதியைப் பார்ப்பது உங்கள் பொறுப்பு, அம்மாவுடையதல்ல.

முதல் சம்பளத்தில் புதுப் போன்

வாங்குங்கள், பழையதை உடனே விற்காதீர்கள். வங்கிச் செயலியைப் புதுப் போனில் போட்டால் அது ஊர் சிம்மிலிருந்து ஒரு எஸ்எம்எஸ் அனுப்பித்தான் உங்களை அடையாளம் காணும். ரோமிங்கில் எஸ்எம்எஸ் அனுப்பக் காசு வேண்டும். பேலன்ஸ் இல்லையென்றால் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். புதியதில் செயலி திறக்கும் வரை பழையதில் கை வைக்க வேண்டாம்.

அட்டையின் வெளிநாட்டு சுவிட்ச்

2020-இல் வந்த ரிசர்வ் வங்கி விதிப்படி புது அட்டை இந்தியாவுக்குள் மட்டும்தான் வேலை செய்யும். வெளிநாட்டுப் பயன்பாட்டை நாம்தான் செயலியில் திறந்துவிட வேண்டும். ஏடிஎம், கடை, ஆன்லைன் மூன்றையும் தனித்தனியாகப் பாருங்கள், உச்சவரம்பையும் வையுங்கள். உள்நாட்டு ரூபே அட்டை என்றால் எந்த சுவிட்சும் உதவாது. வேறு அட்டை கேட்டு வாங்கிக்கொண்டு கிளம்புங்கள்.

“ரூபாயிலா, டாலரிலா?”

அங்கே ஏடிஎம் இப்படிக் கேட்டால் டாலரை அழுத்துங்கள். ரூபாயை அழுத்தினால் மாற்று விலையை மிஷின்காரன் வைப்பான், பெரும்பாலும் நமக்குத்தான் நட்டம்.

சாதா சேமிப்புக் கணக்கு

வெளிநாட்டு வேலைக்குப் போகிறவர் அதை என்ஆர்ஓ, அதாவது வெளிநாட்டில் வசிப்பவருக்கான ரூபாய்க் கணக்கு, ஆக்கியே தீர வேண்டும். ஃபெமா என்னும் அந்நியச் செலாவணிச் சட்டம் அப்படி.

காலாவதி மாதம்

பழையது காலாவதியானால் வரும் புது அட்டை பெரும்பாலும் ஊர் முகவரிக்குத்தான் போகும். கிளம்பும் முன் அட்டையில் மாதம், வருடம் பாருங்கள். சிம்முக்காக வாசலில் அத்தனை சத்தம் போட்ட எனக்கு இதைக் கேட்கத் தோன்றவில்லை. அக்கா மகனுடையது வருகிற மார்ச்சில் முடிகிறதாம். போய்ச் சேர்ந்த பிறகு சொல்கிறான்.