பனஞ்சருகில் ஒரு கொக்கு

அமெரிக்காவின் சொனோரன் பாலைவனத்தில் சவாரோ என்றொரு பெருங்கள்ளி. அது பட்டுப்போய், சதை உக்கிப்போனாலும் உள்ளே நீளநீளமாய் விலாக்கட்டைகள் மிஞ்சும், அதில் சிற்பம் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். நம்மிடம் கள்ளி இல்லாவிட்டால் என்ன, வளவு நிறையப் பனை நிற்கிறது. அதன் காய்ந்த பாகங்களில் ஒரு கொக்குச் செய்வோம்.

சோளகம் (தென்மேற்குக் காற்று) வீசும் மாதங்களில் பொறுக்கினால் எல்லாம் நன்றாகக் காய்ந்திருக்கும். உடலுக்கு ஒரு முழு ஊமல் (முளைத்து முடிந்த பனங்கொட்டை; உள்ளே இருக்கும் பூரான் என்ற பருப்பைத் தின்பதற்காக வெட்டாதது), கழுத்துக்கு ஆண்பனையின் காய்ந்த கதிர் (லேசாக வளைந்ததாகப் பாருங்கள்), காலுக்கும் அலகுக்கும் மட்டையில் சீவிய குச்சி, செட்டைக்கு மட்டையின் அடியில் வலைபோல் இருக்கும் பன்னாடை. ஆளை ஏசுவதற்கு மட்டும் நாம் வைத்திருக்கிற அதே பன்னாடைதான், வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள், எவ்வளவு வடிவான நெசவு!

எல்லாவற்றையும் கொதிநீரில் கொஞ்ச நேரம் போட்டு எடுத்து நிழலில் ஒரு கிழமை உலர்த்துங்கள், இல்லாவிட்டால் உள்ளே இருக்கிற வண்டு பிறகு மா மாவாகக் கொட்டும். பச்சை மட்டையில் அவசரப்பட்டுச் செய்த என் முதல் கொக்கு, மட்டை காயக் காய ஆப்பெல்லாம் இளகி, ஒரு மாதத்தில் தலையைத் தொங்கப்போட்டுவிட்டது.

இனி ஊமலைக் கையில் எடுங்கள். ஒரு முனையில், தும்புக்கு நடுவே, முளை வெளியே வந்த ஓட்டை இருக்கும். கழுத்து இறங்க வேண்டிய இடம் அதுதான், கத்தி முனையால் கொஞ்சம் அகட்டிவிட்டு, கதிரின் அடியில் மரப்பசை பூசிச் செருகுங்கள். கால்களுக்கு ஓட்டில் துளை போடத்தான் வேண்டும், ஓடு சரியான கடினம், சின்னத் துளைக்கருவி இல்லாமல் மினக்கெட வேண்டாம். ஆணி மட்டும் அடிக்காதீர்கள், காய்ந்த மட்டை பிளந்துவிடும்; ஈர்க்கில் சின்ன ஆப்புச் சீவிக்கொள்ளுங்கள். கட்டுவதற்கு எடுக்கும் நார் ஊறியிருந்தால் முடிச்சுப் போடும்போது முறியாது. ஊமலின் தும்பைப் பழைய சீப்பால் பின்பக்கமாக வாரிவிட்டால் இறகு தயார், அதை வெட்டி ஒழுங்குபடுத்த வேண்டாம், கலைந்திருந்தால்தான் அழகு.

கொண்டைக்கு மணற்காட்டில் காற்றில் உருண்டு திரியும் இராவணன் மீசை (கடற்கரை மணலில் வளரும் ஒரு முள்ளுப் புல்) பந்தில் நாலு முள் போதும். உருண்டு வந்ததை மட்டும் எடுங்கள், மணலில் வேரோடி நிற்பதைப் பிடுங்காதீர்கள், அந்த மணல்மேட்டையே அதுவும் அடம்பன் கொடியும்தான் பிடித்து வைத்திருக்கின்றன.

கடைசியில் ஒரு முருகைக்கல்லில் (பவளக்கல்) இரண்டு துளை போட்டுக் கால்களை நிறுத்துங்கள். வார்னிஷ் பூசினால் பிளாஸ்டிக் மாதிரி மினுங்கும், நான் பூசுவதில்லை. மாரிக்கு மட்டும் உள்ளே தூக்கி வைத்துவிடுங்கள்.