சாவி ‘அது’ இல்லை: ஜெர்மன் படிக்கத் தொடங்குவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

“சாவி எங்கே?” என்று கேட்டால் தமிழில் “அது இங்கேதான் இருக்கிறது” என்போம். அதே பழக்கத்தில் ஜெர்மனிலும் “எஸ் இஸ்ட் ஹியர்” என்று வாயில் வந்துவிடும். அது தவறு. சாவிக்கு ஜெர்மன் சொல் ‘டேர் ஷ்லுஸல்’. சொல்லுக்கு முன்னால் வரும் டேர் ஆண்பாலைக் காட்டுவதால் “ஏர் இஸ்ட் ஹியர்” என்றுதான் சொல்ல வேண்டும். அப்படியே தமிழாக்கினால் “அவன் இங்கே இருக்கிறான்” என்று வரும்.

நமக்கு இது ஏன் இவ்வளவு தடுமாற்றம் தருகிறது? தமிழில் பால் பொருளைப் பார்த்து வருகிறது. மனிதர், தெய்வம் என்றால் உயர்திணை, மற்றதெல்லாம் அஃறிணை. அகராதியைத் திறக்கவே வேண்டாம். ஜெர்மனில் பால் சொல்லோடு ஒட்டிப் பிறந்தது. சாப்பாட்டு மேசையைப் பாருங்கள். கரண்டி ‘டேர் லொஃபல்’, ஆண்பால். முள்கரண்டி ‘டீ காபல்’, பெண்பால். கத்தி ‘டஸ் மெஸ்ஸர்’, இரண்டும் இல்லாத மூன்றாம் பால். ஒரே தட்டைச் சுற்றி இருக்கும் இந்த மூன்றில் எது ஏன் ஆண், எது ஏன் பெண் என்று காரணம் தேடி உட்கார்ந்தால் பாடம் நகராது. சூரியன் அங்கே பெண்பால், நிலா ஆண்பால் என்பதை மட்டும் பார்த்தாலே புரியும், நம் கற்பனை அங்கே செல்லாது என்று.

இந்தக் குழப்பத்தின் உச்சம் ‘மேட்ஷன்’ என்ற சொல். சிறுமி என்று பொருள். ஆனால் ‘டஸ் மேட்ஷன்’. ‘ஷன்’ என்பது சிறுமையைக் காட்டும் விகுதி. அது ஏறிய எந்தச் சொல்லும் டஸ்தான். சிறுமியும் அதற்கு விலக்கில்லை. பேச்சில் அவளை ‘ஸீ’ என்று பெண்பாலாகவே குறிப்பிடுவதும் உண்டு. ஆனால் சொல்லுக்கு முன்னால் டஸ் மாறாது.

ஆகவே புதுச் சொற்களை எழுதும்போது ‘ஷ்லுஸல் – சாவி’ என்று வெறுமனே எழுதாதீர்கள். தொடக்கத்தில் செய்யும் பெரிய தவறு இதுதான். ஆறு மாதம் கழித்து 500 சொல் தெரியும், ஒன்றுக்கும் பால் தெரியாது என்று நிற்போம். ‘டேர் ஷ்லுஸல்’ என்பதே முழுச் சொல் என்று நினைத்து, வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள். கொஞ்சம் உதவியும் இருக்கிறது. உங், ஹைட், கைட், ஷாஃப்ட் என்ற விகுதி ஏறிய சொற்கள் எல்லாம் டீ. கூட்டுச் சொல்லில் கடைசிச் சொல்லின் பாலே செல்லும்: டஸ் ஹவுஸ் வீடு, டீ ட்யூர் கதவு, இரண்டும் சேர்ந்த வீட்டுக்கதவு ‘டீ ஹவுஸ்ட்யூர்’. பால் தெரியாவிட்டால் சில இடங்களில் பொருளே மாறும். ‘டேர் ஸே’ என்றால் ஏரி, ‘டீ ஸே’ என்றால் கடல்.

பால் தெரிந்துவிட்டால் மீதி எளிது. டேர் என்றால் ஏர், டீ என்றால் ஸீ, டஸ் என்றால் எஸ். ஒவ்வொரு ஜோடியும் ஒரே மாதிரி முடிகிறது, காதே நினைவில் வைத்துக்கொள்ளும். ஒரு விஷயத்தில் மட்டும் கவனம்: முதன்முதலாகச் சுட்டிக்காட்டும்போது பால் பார்க்க வேண்டாம். “டஸ் இஸ்ட் மைன முட்டர்”, இது என் அம்மா. இந்த டஸ் வெறும் சுட்டு.

அம்மா என்றதும் ஒரு மாணவி நினைவுக்கு வருகிறாள். நர்ஸ் வேலைக்காக மொழி படித்தவள். எத்தனை முறை திருத்தினாலும் “மைன முட்டர் கொம்மன்” என்றே சொல்வாள். கொம்மன் என்பது பலர் வரும்போது வரும் வினை. ஒருவர் வந்தால் ‘கொம்ட்’. ஒருநாள் தயங்கித் தயங்கிச் சொன்னாள்: “கொம்ட்னு சொன்னா அம்மாவை ‘வர்றா’ன்னு சொல்ற மாதிரி இருக்கு சார்.” அவள் இலக்கணம் தெரியாமல் தவறவில்லை. அம்மா வர்றாங்க என்று மரியாதையைப் பன்மை விகுதியில் வைத்துப் பேசியே வளர்ந்தவர்கள் நாம். ஜெர்மனில் படர்க்கையில் அந்த மரியாதைப் பன்மை கிடையாது. பாட்டியானாலும் நாட்டின் தலைவரானாலும் ஒருவர் என்றால் ஒருமைதான். “மைன முட்டர் கொம்ட்” என்பதில் யாருக்கும் மரியாதைக் குறைவு இல்லை.

இதோடு சேர்ந்தது இன்னொன்று. “டாக்டர் வந்துவிட்டாரா?” என்று ஆணா பெண்ணா என்று காட்டாமலே நாம் கேட்டுவிடலாம். ஜெர்மனில் ஏர் அல்லது ஸீ, ஏதாவது ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நம் ‘அவர்’ அங்கே இல்லை.

அப்புறம் ஸீ. இந்த ஓர் ஒலி மூன்று பேருக்கு வேலை செய்கிறது: அவள், அவர்கள், மரியாதையான நீங்கள். காதில் பிரித்தறிய வினையைக் கேளுங்கள். “ஸீ கொம்ட்” என்றால் அவள். “ஸீ கொம்மன்” என்றால் அவர்கள் அல்லது நீங்கள். எழுத்தில் மரியாதை ஸீயின் முதல் எழுத்து எப்போதும் பெரிய எழுத்து. ‘இஷ்’, அதாவது நான், வாக்கியத்தின் நடுவில் சிறிய எழுத்துதான். ஆங்கிலப் பழக்கத்தில் பெரிய எழுத்துப் போட்டுவிடாதீர்கள்.

தமிழில் எழுவாயை விட்டுவிடலாம். “நாளைக்கு வருகிறோம்” என்றால் யார் என்று விகுதியே சொல்லிவிடும். ஜெர்மனில் நாங்கள், அவர்கள், நீங்கள் மூன்றுக்கும் கொம்மன்தான். ‘வீர்’, அதாவது நாங்கள், என்று முன்னால் சொல்லாவிட்டால் யார் வருகிறார்கள் என்று கேட்பவருக்குத் தெரியாது. மழைக்குக்கூட எழுவாய் வேண்டும்: “எஸ் ரெக்னட்”.

கடைசியாக நீ, நீங்கள். நம் ‘நீங்கள்’ பலருக்கும் பொருந்தும், மரியாதைக்கும் பொருந்தும். ஜெர்மன் அதை இரண்டாகப் பிரிக்கிறது. டூ, அதாவது நீ, என்று கூப்பிடும் நண்பர்கள் இரண்டு பேர் எதிரே இருந்தால் ‘ஈர்’. அங்கே ஸீ என்றால் திடீரென்று விலகிப் பேசுவது போல் ஆகிவிடும். முன்பின் தெரியாத பெரியவருக்கு, ஒருவரானாலும் பத்துப் பேரானாலும், ஸீ. எப்போது டூவுக்கு மாறுவது? பொதுவாக வயதிலோ பதவியிலோ மூத்தவர்தான் அதை முன்வந்து சொல்வார். அவர் சொல்லும்வரை ஸீ என்றே பேசுங்கள்.