பூனையை வீட்டோடு வைத்திருக்க என்ன செய்யலாம்?

முதல் வேலை பால்கனிதான். அடுக்குமாடிகளில் புறாவுக்காகக் கட்டும் நைலான் வலையை நம்பிப் பூனையை விடாதீர்கள், அதைக் கடித்தே ஓட்டை போட்டுவிடும், கண்ணி பெரிதாக இருந்தால் குட்டிப்பூனை தலையை நுழைக்கும், தலை போனால் உடம்பும் போய்விடும். ஓர் அங்குலத்துக்கு மேல் போகாத கண்ணியுள்ள கம்பி வலை வாங்கி, கட்டுக்கம்பியால் கிரில்லோடு இறுக்கிக் கட்டுங்கள். வாடகை வீடென்றாலும் சுவரில் துளை போட வேண்டியதில்லை. ஜன்னலுக்கும் ஸ்டீல் கொசுவலைதான், ஃபைபர் வலை நகத்துக்குத் தாங்காது. எங்கிருந்து விழுந்தாலும் பூனை காலூன்றி நிற்கும் என்பார்கள். நிற்கும், தாடை உடைந்து, நுரையீரலில் அடிபட்டு.

தனி வீட்டில் மதில் உச்சியில் உள்பக்கம் சாய்ந்த மாதிரி வலை அடிக்கலாம். பக்கத்தில் மரம் இருந்தால் பயனில்லை, அதற்கு மொட்டைமாடியில் வலைக்கூண்டு மேல்.

வெளியே விட்டால் பறவைகளை வேட்டையாடும் என்றால், கழுத்தில் மணி கட்டினால் போதாதா? பறவைகள் கொஞ்சம் தப்பிக்கும், அவ்வளவுதான். தையல்சிட்டு நம் தோட்டத்துச் செடியில், கைக்கெட்டும் உயரத்தில் இலையைத் தைத்துக் கூடு கட்டுகிறது. பறக்கத் தெரியாத குஞ்சுக்கு மணிச்சத்தம் கேட்டு என்ன ஆகப்போகிறது? அணில் குட்டி, ஓணான் கதையும் இதேதான், வயிறு நிறைந்த பூனையும் வேட்டையாடும். ஆஸ்திரேலியாவில் கான்பெராவில் 2022 ஜூலை 1 முதல் பிறந்த பூனைகளை வெளியே திரிய விடக்கூடாது என்று சட்டமே இருக்கிறது.

அப்புறம் கருத்தடை. ஐந்து மாதத்துக்குள் செய்துவிடுங்கள், இல்லாவிட்டால் கடுவனோ பெட்டையோ ராத்திரியெல்லாம் கத்திக் கதவைப் பிராண்டும், நீங்களே வெறுத்துப்போய்த் திறந்துவிடுவீர்கள்.

வெளியே சுற்றிப் பழகியதை ஒரே நாளில் அடைக்க வேண்டாம். இரவுச் சாப்பாட்டை வீட்டுக்குள் மட்டும் வைத்து, அது வந்ததும் கதவைச் சாத்தி, ராத்திரித் தங்கலை முதலில் பழக்குங்கள், பிறகு பகலையும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கலாம். விடியற்காலையும் அந்தி நேரமும்தான் அதற்கு வேட்டைவெறி ஏறும். அப்போது கயிற்றில் இறகு கட்டி மூச்சிரைக்க ஓடவிட்டு, கடைசியில் அதைப் பிடிக்கவும் விட்டு, உடனே சாப்பாடு போடுங்கள், தின்றுவிட்டுத் தூங்கும். ஏறி உட்கார்ந்து வேடிக்கை பார்க்க ஜன்னலோரம் ஒரு பலகை அடித்துக் கொடுங்கள். மலஜலம் கழிக்க மண் தட்டு ஒரு பூனைக்கு இரண்டு, இரண்டு பூனைக்கு மூன்று. தினமும் அள்ளாவிட்டால் உங்கள் மெத்தையைத் தேடி வரும்.