சந்தை சரியும்போது நல்ல பங்கை விற்றுவிட்டுக் கெட்டதை வைத்துக்கொண்டிருக்காதீர்கள்

2020 மார்ச் 23, திங்கட்கிழமை. காலையில் பங்குச் சந்தை 10 சதவீதம் சரிந்ததும் வர்த்தகத்தை 45 நிமிடம் நிறுத்தினார்கள். மறுபடி தொடங்கியபின் இன்னும் கீழே போய், அன்று மட்டும் மும்பைப் பங்குச் சந்தையின் குறியீடான சென்செக்ஸ் 3,934 புள்ளிகள் இறங்கியது. மதியம் மாமா போன் செய்தார். "மாப்ள, எல்லாத்தையும் வித்துரட்டுமா?" சாயங்காலம் பார்த்தால், லாபத்தில் இருந்த இரண்டு நல்ல பங்குகளை மட்டும் விற்றிருந்தார். வாங்கிய விலையில் பாதிக்கும் கீழே கிடந்த, கடனில் மூழ்கிய ஒரு கம்பெனியைத் தொடவே இல்லை. ஏன் என்று கேட்டேன். "போட்ட காசு வரட்டும், அப்புறம் வித்துடறேன்."

என்னைக் கேட்டால் இதுதான் ஆகப் பெரிய தவறு. நூறு ரூபாய் கிடைக்கிற சந்தோஷத்தைவிட நூறு ரூபாய் தொலைகிற வலி பெரியது என்று கானமன், ட்வெர்ஸ்கி என்ற இரண்டு உளவியலாளர்கள் 1979-லேயே எழுதிவிட்டார்கள். நஷ்டத்தில் விற்றால் அந்த வலி உறுதியாகிவிடும், அதனால் கை வருவதில்லை. ஆனால் நாம் வாங்கின விலையைப் பார்த்து கம்பெனியின் கடன் குறையப்போவதில்லையே. இன்று இந்தத் தொகை கையில் ரொக்கமாக இருந்தால் இதே பங்கை இன்றைய விலைக்கு வாங்குவேனா? இதை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

பழைய உச்ச விலையைப் பிடித்துக்கொண்டு தொங்குவது இதன் உடன்பிறப்பு. யெஸ் பேங்க் பங்கு 2018 ஆகஸ்டில் 400 ரூபாயைத் தொட்டது. பிறகு இறங்க இறங்க, '400க்குப் போன பங்கு, இப்போ சல்லிசா கிடைக்குது' என்று வாங்கியவர்கள் ஏராளம். 2020 மார்ச் 5 அன்று ரிசர்வ் வங்கி கேட்டுக்கொண்டபடி மத்திய அரசு அந்த வங்கியில் பணம் எடுப்பதற்கு 50,000 ரூபாய் வரம்பு வைத்தது, மறுநாளே பங்கு 20 ரூபாய்க்குக் கீழே முடிந்தது. அப்புறம் வந்த மறுசீரமைப்பில், நூறு பங்குக்கு மேல் வைத்திருந்தவர்களின் 75 சதவீதப் பங்குகளை மூன்று வருடம் விற்க முடியாதபடி பூட்டியும் விட்டார்கள்.

மாதாமாதம் ஒரு தொகையை மியூச்சுவல் ஃபண்டில் போடுகிற எஸ்ஐபியைப் பயத்தில் நிறுத்துவதும் தவறுதான். அந்த மார்ச் 23-ல் 7,610-ல் முடிந்த நிஃப்டி (தேசியப் பங்குச் சந்தையின் குறியீடு), நவம்பரிலேயே ஜனவரி உச்சத்தைத் தாண்டிவிட்டது. இன்னும் விழும் என்று காத்திருந்தவர்களுக்கு மலிவான மாதங்கள் அத்தனையும் போயின.

ஆனால் இதையே பாடமாக வைத்து, எந்தச் சரிவும் எட்டு மாதத்தில் சரியாகிவிடும் என்று நம்பினால் அதுவும் ஆபத்து, கடைசியாகப் பார்த்ததையே மனசு விதியாக எடுத்துக்கொள்ளும். 2008 ஜனவரியில் இருந்த அளவுக்கு சென்செக்ஸ் திரும்பி வர 2010 நவம்பர் ஆனது. ஜப்பானின் பங்குக் குறியீடான நிக்கேய் 1989 உச்சத்தைத் தாண்டியது 2024-ல். அடுத்த வருடம் மகள் கல்யாணம் என்றால் அந்தப் பணம் பங்கில் இருக்கவே கூடாது.

மாமா இப்போது ஒரு டைரி வைத்திருக்கிறார். ஒரு பங்கை எதற்காக வாங்கினார், என்ன நடந்தால் விற்பார் என்று வாங்குகிற அன்றைக்கே இரண்டு வரி எழுதுகிறார். சந்தை விழுகிற நாளில் டிவியை அணைத்துவிட்டு அந்தப் பக்கத்தைப் புரட்டுகிறார்.