லூவ்ருக்கு முன்னால் அரிக்கமேடு: பாண்டியிலிருந்து பாரிஸ் போகும் குடும்பங்களுக்கு

விசா வந்துவிட்டது, டிக்கெட்டும் போட்டாச்சு. ஊறுகாயை எந்தப் பெட்டியில் வைப்பது என்று வீட்டில் பேச்சு ஓடிக்கொண்டிருக்கும். நடுவில் ஒரு அரைநாள் ஒதுக்கி, பாரதி பூங்கா பக்கம் இருக்கும் புதுச்சேரி அருங்காட்சியகத்துக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போங்கள். திங்கட்கிழமை மட்டும் வேண்டாம், அன்று விடுமுறை. பழைய துறைமுகமான அரிக்கமேட்டில் கிடைத்த மணிகள், ரோமிலிருந்து மது வந்த ஜாடிகளின் உடைந்த துண்டுகள் எல்லாம் அங்கே இருக்கின்றன. பிரெஞ்சுக்காரர் காலத்துப் 'புஷ்-புஷ்' வண்டியும் உண்டு. துரை உட்கார்ந்திருப்பார், ஆட்கள் பின்னாலிருந்து தள்ளுவார்கள். "அவருக்குக் கால் வலியா?" என்று கேட்டாள் என் மகள்.

நேரமிருந்தால் அரியாங்குப்பம் போய் அரிக்கமேட்டையும் பார்த்துவிடுங்கள். 1945இல் தொல்லியல் ஆய்வாளர் மார்ட்டிமர் வீலர் தோண்டிய இடம். இப்போது பார்க்க ஆறும் மரங்களும் இடிந்த செங்கல் சுவரும்தான். அந்தச் சுவரைக் காட்டி ரோமர் கட்டியது என்று அளந்துவிடாதீர்கள். அது 18ஆம் நூற்றாண்டில் பாதிரிமார் கட்டியது.

இதெல்லாம் எதற்கு? பாரிஸ் போனதும் தெரியும்.

பாரிஸில் இறங்கிய முதல் வாரமே எல்லோரும் லூவ்ருக்கு ஓடுகிறார்கள். மோனா லிசா முன்னால் நிற்கும் கூட்டத்தில் ஆறு வயதுப் பிள்ளைக்குப் பெரியவர்களின் முதுகுதான் தெரியும். லூவ்ர் எங்கும் போய்விடாது, மெதுவாகப் பார்க்கலாம். முதல் மியூசியம் கிமேயாக இருக்கட்டும். மெட்ரோ 9ஆம் லைன், இயெனா ஸ்டேஷனில் இறங்க வேண்டும். எமில் கிமே 1889இல் பாரிஸில் திறந்த ஆசியக் கலைக் காட்சியகம் இது. நேரே இந்தியப் பகுதிக்குப் போனால், தமிழ்நாட்டிலிருந்து போன 11ஆம் நூற்றாண்டு நடராஜர் நிற்கிறார். பாண்டியில் வாத்தியாராக இருந்த ழுவோ-துப்ரேய் அனுப்பிய பொருள்களும் இந்தக் காட்சியகத்துக்கு வந்து சேர்ந்திருக்கின்றன. என் மகன் அப்போது பள்ளிக்கூடத்தில் 'போன்ழூர்' தவிர வாயே திறக்காதவன். நடராஜர் காலடியில் கிடப்பது யார் என்று பக்கத்தில் ஒரு பிரெஞ்சுப் பையன் அவன் அம்மாவை நச்சரிக்க, இவன் சத்தமாக "முயலகன்!" என்றான். அந்த அம்மாள் அந்தப் பெயரை இரண்டு தடவை திருப்பிச் சொல்லிப் பார்த்தார். அன்று முழுக்க இவன் நடையே வேறு.

சரி, செலவு. தேசிய அருங்காட்சியகங்களின் நிரந்தரக் காட்சிகளுக்கு 18 வயதுக்குக் கீழே டிக்கெட் இலவசம், எந்த நாட்டுப் பாஸ்போர்ட் என்றாலும். 18 முதல் 25 வரை ஐரோப்பிய யூனியனில் வசிப்பவர்களுக்கும் அப்படியே. கார்த் த செழூரை, அதாவது பிரான்ஸில் தங்குவதற்கான அனுமதி அட்டையை, கையில் வைத்திருங்கள். வேலை தேடுபவராகப் பதிந்திருந்தால் பல இடங்களில் பெரியவர்களுக்கும் காசு இல்லை, புதிதாக எடுத்த சான்றிதழைக் காட்ட வேண்டும். கார்னவலே, பெத்தி பலே மாதிரி நகராட்சி மியூசியங்களின் நிரந்தரக் காட்சி எல்லோருக்கும் இலவசம்.

விடுமுறை நாள்தான் காலை வாரிவிடும். லூவ்ருக்கும் கிமேக்கும் செவ்வாய், ஓர்சேக்கும் க்ளுனிக்கும் திங்கள். நான் ஒரு செவ்வாய்க்கிழமை, இரண்டு பிள்ளைகளோடு, மழையில், பூட்டிய கதவு முன்னால் நின்றிருக்கிறேன்.

பாரிஸ் புறநகரான லா கூர்னெவ் பக்கம் வீடு கிடைத்திருந்தால் உங்களுக்கு யோகம். 7ஆம் லைனில் ஏறினால் நேரே போர்த் த லா வில்லெத். அங்கே அறிவியல் காட்சியகத்துக்குள் 'சித்தே தெ ஸான்ஃபான்' என்று சின்னப் பிள்ளைகளுக்கே ஒரு பகுதி இருக்கிறது. தொடாதே என்று யாரும் சொல்லமாட்டார்கள். டிக்கெட் உண்டு, முன்பதிவும் செய்ய வேண்டும்.

அப்புறம் சாப்பாடு. டப்பாவைப் பையில் கொண்டுபோகலாம், ஆனால் காட்சிக்கூடங்களுக்குள் திறக்க முடியாது. நாங்கள் தயிர்சாதத்தை எடுத்துக்கொண்டு ஐந்தாம் வட்டாரத்தில் இருக்கும் அரேன் த லுத்தேஸுக்குப் போய்விடுவோம். கி.பி. முதல் நூற்றாண்டில் ரோமர் கட்டிய அரங்கம், நுழைய டிக்கெட் கிடையாது. நடுவில் பையன்கள் பந்து உதைப்பார்கள், ஓரத்தில் தாத்தாக்கள் நம் பாண்டியில் ஆடுவது போலவே இரும்புக் குண்டு ஆட்டம் ஆடுவார்கள். முதல் தடவை அந்தக் கல்படியில் உட்கார்ந்து சாப்பிட்டபோது மகள் கேட்டாள்: "அரியாங்குப்பத்துக்கு ஜாடி அனுப்பினவங்களா இவங்க?"