துரை விட்டுப்போன கிட்டாரா? கதையை விட்டு உள்ளே பாருங்கள்

இலங்கை மலையகத்தில் ஒரு பழைய எலெக்ட்ரிக் கிட்டார் விலைக்கு வந்தால், கூடவே ஒரு கதையும் வரும். "வெள்ளைக்காரத் துரை பங்களாவில் விட்டுட்டுப் போனது." இருக்கலாம்தான். 1972, 1975 ஆண்டுகளில் தோட்டங்கள் அரசுடைமையானபோது அவற்றை நடத்திய துரைமார் பலர் ஊர் திரும்பினார்கள். ஆனாலும் கதைக்குக் காசு கொடுக்காதீர்கள். "துரை 1955இல் லண்டன் கடையில் புதிதாக வாங்கிய ஃபெண்டர்" என்று சொன்னால் உடனே சந்தேகப்படுங்கள். ஃபெண்டர் அமெரிக்க நிறுவனம்; அப்போது அமெரிக்க இசைக்கருவிகளை இறக்குமதி செய்ய பிரிட்டனில் தடை இருந்தது.

கிட்டாரின் தலையில் உள்ள பெயரையும் அப்படியே நம்பக்கூடாது. அது ஒட்டுப்படம்; யாரும் ஒட்டலாம். சீரியல் இலக்கமும் அப்படித்தான். 1976 வரை ஃபெண்டர் அதைப் பெரும்பாலும் நெக்கை, அதாவது கிட்டாரின் கழுத்தை, உடலோடு பிடித்திருக்கும் தகட்டில்தான் பொறித்தது. ஸ்க்ரூக்களைக் கழற்றினால் அந்தத் தகடு வேறு கிட்டாருக்குப் போய்விடும்.

அதனால் உள்ளே பார்க்க வேண்டும். கம்பிகளைத் தளர்த்திவிட்டு நெக்கை மெதுவாகக் கழற்றுங்கள். பழைய ஃபெண்டர்களில் நெக்கின் அடிப்பக்கத்தில் பென்சிலாலோ முத்திரையாலோ தேதி இருப்பதுண்டு. அப்புறம் வால்யூம், டோன் குமிழ்களுக்கு அடியில் உள்ள பாட்களை (குமிழோடு சுழலும் மின்தடைகளை) பாருங்கள். 1376622 என்று இருந்தால், 137 என்பது பாட் செய்த சி.டி.எஸ். நிறுவனம், 66 ஆண்டு, 22 வாரம். இங்கேதான் பலர் தடுக்கி விழுகிறார்கள். அது பாட் செய்த தேதி, கிட்டார் செய்த தேதி அல்ல. ஃபெண்டர் 1966இல் மொத்தமாக வாங்கிய பாட்களைப் பல வருடம் பூட்டியது. பாட் மாற்றப்படாமல் இருந்தால், கிட்டார் அந்த வாரத்துக்கு முந்தியது அல்ல என்று மட்டுமே சொல்லலாம். மாற்றியிருக்கிறார்களா என்பதை வயர்களை ஒட்டியிருக்கும் ஈயப் பற்றைப் பார்த்தால் ஓரளவு பிடிபடும். நெக், பாட், பிக்கப் (கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் பகுதி) எல்லாம் ஒரே காலத்தைச் சொல்ல வேண்டும்.

துருவை வைத்து வயது சொல்வது நம் ஊரில் எடுபடாது. நுவரெலியா பனியிலும் ஈரத்திலும் புது ஸ்க்ரூகூட சீக்கிரமே துருப்பிடித்துவிடும்.

"மேட் இன் ஜப்பான்" என்று கண்டதும் போலி என்று ஒதுக்குவதும் தவறு. 1982 முதல் ஃபெண்டர் பெயரிலேயே ஜப்பானில் கிட்டார் செய்தார்கள். அந்த ஆரம்ப கால ஜே.வி. என்று தொடங்கும் சீரியல் இலக்கக் கிட்டார்களை இன்றும் தேடி வாங்குகிறார்கள். டெய்ஸ்கோ போன்ற 1960களின் ஜப்பான் கிட்டார்கள் வெவ்வேறு பெயர்களில் விற்கப்பட்டவை. இலக்கம் இல்லாததால் மட்டும் அவை போலியாகிவிடாது.

எல்லாவற்றிலும் எனக்கு வலிக்கிற தவறு, விற்பதற்கு முன் பெயின்ட் அடிப்பது. பழைய பாகங்களைத் தூக்கி எறிவதும் அப்படித்தான். நான் ஒருமுறை கரகரத்த பாட்களை மாற்றக் கொடுத்தேன். பழசைக் குப்பையில் போட்டுவிட்டார்கள். என் கிட்டாரின் காலத்தைச் சொல்ல இருந்த ஒரே சாட்சி அதுதான். இப்போதெல்லாம் திருத்தக் கொடுக்கும்போதே, கழற்றும் சின்ன ஸ்க்ரூவைக்கூட ஒரு பையில் போட்டுத் திருப்பித் தரச் சொல்லிவிடுகிறேன். முதலில் உள்பக்கத்தைப் போன் கேமராவில் படமும் எடுத்துக்கொள்கிறேன்.