ஒருவரைக் காணவில்லை என்றால் முதலில் செய்ய வேண்டியவை

இலங்கையின் தேயிலைத் தோட்டத்தில் ஒருவர் இரவாகியும் வீடு திரும்பவில்லை என்றால், விடியட்டும் பார்ப்போம் என்று சொல்வதே வழக்கமாகிவிட்டது. ஒரு நாள் கழிந்த பிறகுதான் பொலிஸார் முறைப்பாட்டை ஏற்பார்கள் என்றும் பலர் நம்புகிறார்கள். அப்படிக் காத்திருக்க வேண்டியதில்லை. பொலிஸின் 119க்கு உடனே அழைக்கலாம், காணாமற்போனவர் பிள்ளையாக இருந்தால் சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929க்கும் அறிவிக்கலாம்.

தேடல் தடம் மாறுவது பெரும்பாலும் தவறான விவரத்தால்தான். எங்கள் லயத்துப் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகள்) பெரியவர் ஒருவரைத் தேடிய இரவில், நீலக் கம்பளிச்சட்டை அணிந்திருந்தார் என்று எழுதிக் கொடுத்தோம். அந்தச் சட்டை வீட்டுக் கொடியிலேயே தொங்கியதை மறுநாள் காலையில்தான் கவனித்தோம். ஆகவே, நினைவை நம்பாமல், வீட்டில் எந்த உடுப்பு, எந்தச் செருப்பு, எந்த மருந்து இல்லை என்று பார்த்த பிறகே அடையாளத்தை எழுதுங்கள்.

பெயரிலும் கவனம் தேவை. பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், அடையாள அட்டையில் எழுத்து மாறிய அதே பெயர், லயத்தில் கூப்பிடும் பெயர் வேறு என்பது நம் மக்களிடையே சாதாரணம் என்பதால், மூன்றையும் சொல்லுங்கள். தமிழும் அரசகரும மொழி; முறைப்பாடு சிங்களத்தில் எழுதப்பட்டால், அதைத் தமிழில் விளங்கப்படுத்தும்படி கேட்டு, சரி என்று உறுதியான பின்னரே கையொப்பமிட்டு, முறைப்பாட்டு இலக்கத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். காணாமற்போனவரின் கைத்தொலைபேசிப் பெட்டி இருந்தால், அதிலுள்ள 15 இலக்க IMEI எண்ணையும் (அந்தக் கருவியின் அடையாள எண்) கொடுங்கள்.

வயதானவர், மறதி உள்ளவர் என்றால், பனிமூட்டம் இறங்குமுன் ஓடைக்கரை, கோயில், அவர் முன்பு கொழுந்து பறித்த மலை என்று பழகிய இடங்களைக் குழுக்களாகப் பிரிந்து பாருங்கள். கொழும்புக்கு வேலைக்குப் போன இளையவர் என்றால், கடைசியாகப் பேசிய எண்ணும் கூட்டிச்சென்றவரின் விவரமுமே முக்கியம். மண்சரிவு என்றால் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117க்கு அறிவித்து, மீட்புப் பணியாளர்களிடம் இன்ன காம்பராவில் (லய அறையில்) இத்தனை பேர் இருந்தார்கள் என்று எழுதிக் கொடுங்கள். 2014 ஒக்டோபரில் பதுளை மாவட்டத்து மீரியபெத்தைத் தோட்டத்தில் மண்சரிவில் லயங்கள் புதைந்தபோது, உள்ளே யார் யார் இருந்தார்கள் என்று அறிவதே பெரும்பாடாக இருந்தது.

முகநூலில் படம் போடும்போது அண்மைய படத்தையும் பொலிஸ் நிலைய இலக்கத்தையும் மட்டும் போடுங்கள். பணம் அனுப்பினால் இடத்தைச் சொல்வதாக அழைப்பவர்களுக்கு ஒரு சதமும் கொடுக்காமல், அந்த எண்ணைப் பொலிஸாரிடம் ஒப்படையுங்கள். ஆள் கிடைத்ததும் நிலையத்துக்குத் தெரிவித்து, படத்தை நீக்கிவிடுங்கள். பகிர்ந்தவர்களிடமும் நீக்கச் சொல்லுங்கள்.